வீட்டில் ஒரு கரைச்சலும் இல்லை

நோர்வேக்காரர் கெட்ட செய்தியைச் சும்மா சொல்லமாட்டார்கள், கேக் வெட்டித்தான் சொல்லுவார்கள். உதயகுமாரிக்கு இது தெரியும். அதனால், திங்கட்கிழமை காலை எல்லாரும் கன்ரீனுக்கு வரவேணும், கேக் இருக்கும் என்று கொம்பியூட்டரில் அழைப்பு வந்து விழுந்தபோதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அழைப்பை அனுப்பிவிட்டு அவர்கள் தங்கள் பாட்டுக்கு மலைவீடுகளுக்குப் போய்விட்டார்கள். சனியும் ஞாயிறும் இவளல்லவோ கிடந்து புழுங்கினாள்!

அவள் வேலை செய்தது பல் வைத்தியர்மாருக்கு நேரம் பதிகிற மென்பொருள் செய்யும் ஒரு கம்பனியில். மற்றவர்கள் புரோகிராம் எழுதித் தள்ள, அதில் பிழை பிடிப்பது உதயகுமாரியின் வேலை. கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்து, மொழி படித்து, பிறகு கொம்பியூட்டர் படித்து, தலையில் நரை விழத் தொடங்கின காலத்தில் பிடித்த வேலை. அதுவும் 'பாஸ்ட்' வேலை. பாஸ்ட் என்றால் இங்கே நிரந்தரம். இந்த ஒரு சொல்லுக்கு எங்கடை சனத்திடம் இருக்கிற மதிப்பைச் சொல்லி முடியாது. வீட்டுக்கடன் கேட்கப் போனால் வங்கி அதைத்தான் கேட்கும், கலியாணம் பேசினால் மாப்பிள்ளை பகுதியும் அதைத்தான் கேட்கும். என்ன வேலை என்று கேட்க முதல் "பாஸ்ட்டோ?" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அவளுக்குப் பக்கத்து மேசை கதிரேசனுடையது. விருதுநகர்ப் பக்கத்துப் பெடியன், முப்பத்துச் சொச்சம் வயது, மனைவியும் கைக்குழந்தையுமாக ஹவுகெட்டோவில் வாடகைக்கு இருந்தான். அவனும் பிழை பிடிக்கிற வேலைதான், ஆனால் பாஸ்ட் இல்லை. தன் பெயரில் தானே ஒரு சின்னக் கம்பனி பதிந்து, மணித்தியாலக் கணக்கில் இங்கே வந்து வேலை செய்கிற ஒப்பந்தக்காரன். கைக்கு வருகிற காசு உதயகுமாரியின் சம்பளத்தை விடக் கூட. ஆனால் காய்ச்சலில் படுத்தால் காசில்லை, விடுமுறைக்குக் காசில்லை, வேலை போனால் அரசாங்கத்தின் வேலையில்லாக் காசும் இல்லை. கம்பனியின் கிறிஸ்மஸ் விருந்துக்கும் அவனைக் கூப்பிடமாட்டார்கள். இந்தக் கேக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

"என்ன மீட்டிங் அக்கா? ஃப்ளோரே காலியாயிடுச்சு?" என்று அவன் கேட்டான்.

"ஒண்டுமில்லைத் தம்பி, உள்வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டு உதயகுமாரி எழும்பிப் போனாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு மோசம் என்று அவளுக்குத் தெரிந்தது. பாவம், அவன் அந்தப் பெரிய தளத்தில் தனியே இருந்து தட்டிக்கொண்டிருந்தான்.

கன்ரீனில் மார்க் நின்றான். பிரிவுக்குப் பொறுப்பானவன், நல்ல மனுசன் என்று பெயர் எடுத்தவன், அன்றைக்கு மட்டும் ஒருவரின் முகத்தையும் பார்க்காமல் கதைத்தான். கம்பனி கைமாறிவிட்டதாம். புதிய முதலாளிமார் சுவீடனில் இருக்கிறார்களாம். பிழை பிடிக்கிற வேலையில் பாதியை இனி இயந்திரமே செய்யுமாம். ஒப்பந்தக்காரர் எல்லாரும் இந்த மாதத்தோடு சரி. பாஸ்ட் ஆட்களில் சிலர் போகவேண்டியிருக்கும், ஆனால் சட்டப்படி, ஒவ்வொருவரோடும் தனித்தனியாய் இருந்து கதைத்த பிறகுதான் அந்த முடிவு. உதயகுமாரியின் தட்டில் ஒரு துண்டுக் கேக் இருந்தது. அதை வாயில் வைக்க அவளால் ஏலவில்லை.

கதிரேசனுக்கு ஒருவரும் கேக் வெட்டவில்லை, கூட்டமும் வைக்கவில்லை. அடுத்த நாள் தொலைபேசியில் ஒரு ஆள் சொன்னான், கதை முடிந்தது. அவன் கொஞ்ச நேரம் மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்தபடி சும்மா இருந்தான். உதயகுமாரி ஓடிப்போய்க் கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"இனி என்ன செய்யப் போறியள் தம்பி?"

"சொல்ல வேண்டியதுதான் அக்கா."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்தான்!"

பெடியன் சொன்னதைச் செய்தான். அன்றைக்குப் பின்னேரமே இணையத்தில் தன் முகப்படத்தோடு, எனக்கு வேலை போய்விட்டது, கைக்குழந்தை இருக்கிறது, என்ன வேலையென்றாலும் சொல்லுங்கள் என்று எழுதிப்போட்டான். வீட்டு முதலாளிக்குச் சொன்னான். ஹவுகெட்டோ ஸ்டேசனில் காலையில் கண்டு தலையாட்டுகிற ஆட்களுக்குச் சொன்னான். கோயிலில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவருக்குச் சொன்னான். உதயகுமாரிக்கு அவனை நினைக்கக் கூச்சமாய் இருந்தது. சீ, இப்படியும் ஒரு மனுசன் தன் மானத்தைத் தூக்கி றோட்டில் வைப்பானா? அந்த நினைப்புக்குள்ளே ஒரு சின்னப் பெருமையும் இருந்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். தனக்கு அந்த நிலை வராது, தான் பாஸ்ட் என்று அவள் நினைத்தாள்.

எல்லிங்ஸ்ருட்டில் அவளுடைய வீட்டுக் கதையையும் இப்போது சொல்லத்தான் வேணும்.

அவளுடைய புருஷன் சேந்தன் பஸ் ஓடினவர். போன வருஷப் பனிக்காலத்தில் பஸ்ஸால் இறங்கும்போது ஐஸில் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் ஏதோ விலகிவிட்டது. ஒப்பரேசன் செய்தும் சரிவரவில்லை. நெடுநேரம் இருக்க ஏலாது, பாரம் தூக்க ஏலாது, பஸ் ஓடுவதை இனி மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அரசாங்கம் கொடுக்கிற உதவிக்காசு வீட்டுக்கடனில் அரைவாசிக்கும் காணாது. மகள் அபிஷா துரொண்ட்ஹைமில் படிக்கிறாள். முழுப் பாரமும் உதயகுமாரியின் அந்த ஒரு பாஸ்ட் வேலையில்தான் நின்றது.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. தெரியவிடவில்லை! பகலில் சேந்தன் வீட்டில் நிற்பதைக் காண்கிற தமிழ்ச்சனம் கேட்டால், "அவருக்கு நைட் ஷிப்ட்" என்று உதயகுமாரி சொல்லுவாள். முதல் தரம் அது வாய்தவறி வந்ததுதான். பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாய்ப் போய்விட்டது. கோயில் திருவிழாவுக்கு வரவில்லையே என்றால் நைட் ஷிப்ட். பிறந்தநாள் விழாவில் கதிரை தூக்க வரவில்லையே என்றால் நித்திரை முழிப்பு. சேந்தனும் பகலில் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு இருக்கப் பழகிவிட்டார். நல்லாய் ஓடியாடித் திரிந்த மனுசன், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி!

கம்பனியில் தொழிற்சங்கப் பிரதிநிதி சில்யே என்ற நோர்வேக்காரி. கட்டையான, கண்டிப்பான மனுசி. அவள் உதயகுமாரியைக் கூப்பிட்டு நிலைமையை உடைத்துச் சொன்னாள்.

"உன்ரை பகுதியிலை ரெண்டு பேரிலை ஒராள் போகவேணும். நீ, இல்லாட்டில் ஹென்னிங். ரெண்டு பேரும் ஒரே காலத்திலை சேர்ந்தனீங்கள், ரெண்டு பேருக்கும் ஒரே அளவு தெரியும். அப்ப என்னத்தை வைச்சு முடிவெடுப்பினம்? வீட்டு நிலைமையை வைச்சுத்தான். ஆருக்குக் கஷ்டம் கூட எண்டு பார்ப்பினம். உனக்கு ஏதும் இருக்கோ?"

உதயகுமாரி கொஞ்சம் யோசித்தாள். வெள்ளைக்காரிக்குச் சொன்னால் அது அங்கேயே நிற்கும், கோயிலுக்கு வராது. சேந்தனின் முதுகுக் கதையை முழுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண் கலங்கியது. சில்யே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை அப்பிடியே கூட்டத்திலை சொல்லு. ஒரு சொல்லும் குறைக்காதை. சட்டம் உன்ரை பக்கம் நிக்கும், ஆனால் நீ வாயைத் திறந்தால்தான் நிக்கும்."

ஹென்னிங்கின் கூட்டம் முதலில் நடந்தது. கோப்பி மெசினடியில் அவனே வந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தான். மனைவி விட்டுவிட்டுப் போனது, இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கிழமைக்குக் கிழமை மாறி வளர்ப்பது, தாய்க்கு ஞாபகம் போனது, தனக்கு நித்திரை வராதது எல்லாம் சொன்னானாம், கடைசியில் மார்க்குக்கு முன்னால் அழுதும் விட்டானாம். கேட்ட உதயகுமாரிக்குப் பயம் இன்னும் ஏறியது. இவன் அழுது அலுவல் பார்த்துவிட்டான். தான் அழவும் வேண்டாம், உள்ளதைச் சொன்னால் காணும். ரி-பானே ரயிலில் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள்ளே நோர்வேஜியத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். என் கணவரால் வேலை செய்ய முடியாது. எங்கள் வீட்டில் உழைக்கிற ஆள் நான் மட்டும்தான். முன்னால் இருந்த கிழவி ஒருத்தி இவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டுமே!

கூட்ட நாள் வந்தது. சின்னக் கண்ணாடி அறை, தண்ணீர்ப் போத்தல், நாலு கதிரை. மார்க் இருந்தான், சில்யே இருந்தாள். பேசுவதைக் குறித்து எழுத ஆளணிப் பகுதியிலிருந்து ஒருவர் வருவார் என்றார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்தது தனுஷா.

உதயகுமாரிக்குத் திக்கென்றது. தனுஷா இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, கம்பனியில் சேர்ந்து கொஞ்சக் காலம்தான், கண்டால் சிரித்துக் கதைக்கிற நல்ல பிள்ளை. பயம் பிள்ளையில் இல்லை, அவளுடைய தாயில். தாய் யோகாம்பாள்! கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதே நாலு வீட்டு விடுப்பை விசாரித்து முடிக்கிற மனுசி. யோகாம்பாளின் காதில் ஒரு புதினம் விழுந்தால், பாயாசம் பந்திக்கு வர முதல் அது ஒஸ்லோவைச் சுற்றி வந்துவிடும்.

தனுஷாவுக்கும் அந்தரமாய்த்தான் இருந்தது. குனிந்து, மெல்லிய குரலில் தமிழில் கேட்டாள்.

"அன்ரி, நான் இருக்கிறது உங்களுக்கு ஒரு மாதிரி எண்டால் சொல்லுங்கோ. வேறை ஆளைக் கூப்பிடுவினம். அது நோர்மல்தான்."

"சீச்சீ, என்ன பிள்ளை கதைக்கிறாய்! நீ எங்கடை பிள்ளையல்லோ. இரு, இரு."

வேறென்ன சொல்லுவாள்? வெளியே போ என்றால், ஒளிக்க ஏதோ இருக்கிறது என்றல்லவோ ஆகிவிடும்! எங்கடை சனத்துக்கு இந்த உபசாரம் ஒரு வியாதி. பாம்பு வந்தாலும் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றுதான் சொல்லுவார்கள்.

மார்க் வேலையைப் பற்றிக் கேட்டான், அவள் வடிவாய்ப் பதில் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"உங்கள் வீட்டு நிலைமையில் நாங்கள் கவனத்தில் எடுக்கவேண்டியது ஏதும் இருக்கிறதா?"

பழகி வைத்திருந்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது. தனுஷாவின் விரல்கள் மடிக்கணினியில் எழுதத் தயாராய் இருந்தன. அந்தச் சின்ன விரல்களைத்தான் உதயகுமாரி பார்த்தாள்.

"இல்லை. வீட்டிலை ஒரு கரைச்சலும் இல்லை. எல்லாம் நல்லம்."

சில்யே மேசைக்குக் கீழே காலால் தட்டினாள். பிறகு பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள். "உதயா, உன் கணவருடைய விஷயம்..."

"அவர் நைட் ஷிப்ட்" என்றாள் உதயகுமாரி, அவளை முடிக்க விடாமல். "பஸ் ஓடுறார். ஓவர்டைமும் செய்யிறார். நல்ல சம்பளம்." கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். பொய் சொல்ல வெளிக்கிட்டால் வாய்க்குக் கடிவாளம் கிடையாது. தனுஷாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு எழுதின.

கூட்டம் முடிந்ததும் சில்யே அவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மனுசிக்கு முகம் சிவந்துபோய் இருந்தது.

"எனக்குச் சொன்னது பொய்யா? அங்கை சொன்னது பொய்யா?"

"அங்கை சொன்னதுதான்."

"ஏன்? ஏன் சொன்னனி?"

"அந்தப் பிள்ளை தமிழ்."

"அதுக்கு?"

"தமிழ், சில்யே."

சில்யேக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படி விளங்கும்? அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கச் சட்டத்தில் இடமில்லை, வீட்டில் போய்ச் சொன்னால் அவளுடைய வேலை போய்விடும் என்று சில்யே சொல்லிப் பார்த்தாள். உதயகுமாரி இல்லையென்று தலையை ஆட்டினாள். சட்டமாம்! யோகாம்பாளின் வீட்டுக் குசினிக்குள் எந்தச் சட்டம் போய் நிற்கும்? கடைசியில் சில்யே இறங்கி வந்தாள். நாளைக்குக் காலை உண்மையை இரண்டு வரியில் எழுதி அனுப்பு, நான் கூட்டக் குறிப்பைத் திருத்திப் போடுவிக்கிறேன், அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

உதயகுமாரி வீட்டுக்கு வந்து, சப்பாத்தும் கழற்றாமல் சேந்தனுக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள்.

"எழுதட்டோ?" என்று கேட்டாள்.

"நீர் எழுதினால் அதை ஆர் வாசிக்கிறது? யோகாம்பாளின்ரை பெட்டைதானே!" சேந்தனுக்குக் குரல் ஏறியது. பிறகு இறங்கியது. "உதயா, பஸ்ஸும் போச்சு, உழைப்பும் போச்சு. பெஞ்சாதியின்ரை காசிலை கிடந்து தின்னுறான் எண்டு நாலு பேர் கதைக்கிறதையும் கேக்கச் சொல்லுறீரோ? உம்மை நிப்பாட்ட மாட்டினம். இவ்வளவு காலம் செய்தனீர், உமக்குப் பாஸ்ட் வேலையல்லோ."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அவர் அழுது அவள் கண்டதில்லை. அதைக் கண்ட பிறகு அவளுக்கு எழுத மனம் வரவில்லை. பாஸ்ட் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். அடுத்த நாள் சில்யே மூன்று தரம் அவளுடைய மேசைப் பக்கம் வந்து போனாள். உதயகுமாரி திரையை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னெண்டு சொல்லுறது! மார்க் சிரித்தால் ஏன் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. கொம்பியூட்டரில் சின்னச் சத்தம் கேட்டால் போதும், மார்க்கின் கடிதமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பாள். சோறு இறங்கவில்லை. கோயிலில் யோகாம்பாள் கண்டு, "என்ன பிள்ளை மெலிஞ்சு போனாய், வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்க, "ஓமக்கா, நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டு வந்து கார்ப் பார்க்கில் நின்று மூச்சு வாங்கினாள். இதற்கிடையில் கதிரேசனுக்கு வேலை கிடைத்துவிட்டது. கோயிலில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவரின் மருமகன் வேலை செய்கிற இடமாம். அதுவும் ஒப்பந்தம்தான். பெடியன் துள்ளிக்கொண்டு வந்து சொல்லிவிட்டு, தன் கோப்பையையும் ஹெட்போனையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

கடைசியில் மார்க் கூப்பிட்டான். வேலைநீக்கம் உதயகுமாரிக்குத்தான். ஹென்னிங் நிற்கிறான். "ரெண்டு பேருடைய நிலைமையையும் வைத்துப் பார்த்தோம். உங்கள் வீட்டில் இன்னொரு நல்ல வருமானம் இருக்கிறது" என்று மார்க் மெதுவாய்ச் சொன்னான். அவள் தலையாட்டினாள். நன்றி என்றும் சொன்னாள். நன்றியாம், கடவுளே!

வெளியே வந்தவளைத் தனுஷா வாசலில் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கோட்டும் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"அன்ரி, ஏன் அன்ரி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"அங்கிள் நைட் ஷிப்ட் எண்டு. அங்கிள் விழுந்த அண்டைக்கு அம்புலன்ஸுக்கு அடிச்சதே என்ரை மாமாதான். பிலேந்திரன் மாமா அதே கராஜ்ஜிலைதானே பஸ் ஓடுறார்!"

பிலேந்திரனை உதயகுமாரிக்குத் தெரியும், யோகாம்பாளின் தம்பி. அதே கராஜ் என்பதும் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் அதை யோசிக்கவில்லை. பாதிக்குப் பாதி தமிழர் பஸ் ஓடுகிற கராஜ்!

"அப்ப... அம்மாவுக்கும் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும் அன்ரி. கோயிலிலை, கடையிலை, எல்லாருக்கும். அம்மாதான் ஒருத்தரும் கேக்கக்கூடாது எண்டு சொல்லி வைச்சவ. அவையள் மறைக்க விரும்பினம், விடுங்கோ எண்டு."

யோகாம்பாள்! அந்த வாயை யோகாம்பாளே பொத்தி வைத்திருக்கிறாள், தனக்காக. உதயகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தது.

"தெரிஞ்சு கொண்டோ பிள்ளை அதை எழுதினனி?"

"நீங்கள் சொன்னதைத்தானே அன்ரி நான் எழுதலாம். வீட்டிலை கேட்டதை நான் கந்தோரிலை சொல்லேலாது. வெளியிலை போகட்டோ எண்டும் கேட்டனான்." பிள்ளைக்கும் கண் கலங்கியது. "இன்னும் ஒரு கூட்டம் கேக்கலாம் அன்ரி. உங்களுக்கு உரிமை இருக்கு. அதிலையாவது சொல்லுங்கோ."

சில்யே ஒரு சொல்லும் ஏசாமல் அந்தக் கூட்டத்தைக் கேட்டு வாங்கினாள். அதே கண்ணாடி அறை. இந்த முறை கம்பனி வழக்கறிஞர் ஒருத்தரும் வந்திருந்தார். உதயகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ், ஒப்பரேசன், மூடின யன்னல் சீலை, நைட் ஷிப்ட் என்ற பொய், எல்லாம். டொக்டரின் கடிதங்களை மேசையில் பரப்பினாள். தனுஷாவுக்கு முன்னால், மார்க்குக்கு முன்னால், வெட்கத்தை விட்டு அழுதாள். மார்க் கடிதங்களை வாசித்தான். அவனுக்கும் முகம் வாடிவிட்டது.

"நான் நம்புகிறேன்" என்றான். "ஆனால் ஹென்னிங்குக்கு, 'உன் வேலை போகாது' என்று சொல்லி எழுத்திலும் கொடுத்தாயிற்று."

வழக்கறிஞர் இன்னும் நேராய்ச் சொன்னார். முடிவெடுத்த நாளில் கம்பனிக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைத்தான் நீதிமன்றமும் பார்க்கும். கம்பனி கேட்டது, இவர் இல்லையென்று சொன்னார். அதற்கு மேல் கம்பனி எங்கே போய் விசாரிக்கும்?

சில்யே விடாமல் வாதாடினாள். சில மாதச் சம்பளம் கூடுதலாய்த் தருகிறோம் என்றார்கள், அதற்கு மேல் அசையவில்லை. உதயகுமாரி அதிகம் கேட்கவும் இல்லை. ஒஸ்லோவில் இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்கத் தெரிந்து வைத்திருந்த விஷயம், தெரியவேண்டிய இந்த ஒரு அறைக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் அவள் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சேந்தனிடம் சொன்னாள். எல்லாருக்கும் தெரிந்திருந்ததைச் சொன்னாள், வேலை போனதைச் சொன்னாள். சேந்தன் கதிரையில் மெல்லச் சரிந்து இருந்து, தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி, என்ரை கதை போகட்டும். உம்மடை கதையை ஒருத்தருக்கும் சொல்லாதையும். வீட்டிலை இருந்து கொம்பியூட்டரிலை வேலை செய்யிறா எண்டு சொல்லுவம். இப்ப கனபேர் அப்பிடித்தானே."

உதயகுமாரி அவரைப் பார்த்தாள். கோபம்தான் வந்தது, உச்சந்தலை கொதிக்கிற கோபம். ஆனால் அவருடைய முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. அதே பயம் தனக்குள்ளும் இன்னும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. தொலைபேசியை எடுத்தாள். கதிரேசனின் இலக்கத்தை அழுத்தினாள்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

நல்ல சுகம் என்ற சொல் தானாகவே வாய்க்குள் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"இல்லைத் தம்பி. எனக்கு வேலை போட்டுது."

"அக்கா... என்னக்கா சொல்றீங்க? நீங்க பெர்மனென்ட் ஆச்சே!"

"போட்டுது. இவருக்கும் முதுகு ஏலாமல் ஒரு வருஷமாய் வேலை இல்லை. வீட்டுக்கடன் இருக்கு, மகள் படிக்கிறாள். உங்கடை இடத்திலை ஏதும் இருக்கோ?"

சேந்தன் கையைக் காட்டிக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேட்டுப் பாக்குறேன் அக்கா, இன்னைக்கே கேக்குறேன்" என்றான் கதிரேசன். "ஆனா கான்ட்ராக்ட்தான் இருக்கும். பரவாயில்லையா?"